பன்னிரண்டாவது சேவல்

பச்சையப்பன் அண்ணனுக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். யாராவது ஒரு கொடியைத் தலைகீழாகப் பிடித்திருந்தால் போதும்.

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய தையல் கடை இருக்கிறது. சட்டை, ஜாக்கெட் எதுவும் அங்கே தைப்பதில்லை. கொடி மட்டும்தான். கட்சிக் கொடி, கோயில் கொடி, ஆட்டோ ஸ்டாண்டுக் கொடி, மாதா திருவிழாக் கொடி, பள்ளிக்கூட விளையாட்டு விழாக் கொடி எல்லாம் வரும். ஓரம் மடித்துக் கையால் தைக்கிற வேலைக்கு நான் அங்கே சேர்ந்து பதினான்கு வருஷம் ஆகிறது. அவர் யாரையும் திட்டாத ஒரு நாளை யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது.

அதற்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் வெளிநாட்டுக்குப் போகிற சட்டைகளுக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தவர். நாள் முழுக்க வெள்ளைக் காலர். ஒரு தேர்தல் சமயத்தில் தெரிந்தவர் ஒருவர் ஐந்நூறு கொடி கேட்டார். "கலரைப் பாத்ததும் கண்ணுக்குச் சோறு போட்ட மாதிரி இருந்துச்சு நாகம்மா. அந்த ஆசையிலதான் காலரை வுட்டுட்டு வந்தேன். வந்து மாட்டிகினேன்" என்பார்.

என்ன மாட்டிக்கொண்டார் என்றால், கொடிக்குத் தலை எது, கால் எது என்று ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. கழியை நுழைப்பதற்குக் கொடியின் ஓரத்தில் நீளமாக ஓர் உறை தைப்போம். மேல் வாயைத் தைத்து மூடிவிடுவோம், கீழ் வாய் திறந்திருக்கும். மூடிய பக்கம்தான் தலை. இதைக்கூடப் பார்க்காமல் கட்டிவிட்டு, மறுநாள் வந்து கடை வாசலில் நின்று கத்துவார்கள்.

"அண்ணாத்தே, நம்ம கட்சிக் கொடி ஒரு அம்பது."

"நம்ம கட்சின்னா எது?"

"அதாண்ணே, மேல ஒரு கலரு, கீழ ஒரு கலரு வருமே."

"எல்லாக் கட்சியும் மேல ஒண்ணு கீழ ஒண்ணுதான்டா கீது! நீ எந்தக் கட்சின்னு உனக்கே தெரியலன்னா நான் இன்னாத்தைத் தைக்கிறது?"

வானகரத்தில் புதிதாக வந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து ஸ்ரீநாத் என்று ஒரு தம்பி வந்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். ஆண்டு விழாவுக்குச் சங்கத்துக்கென்று ஒரு கொடி வேண்டுமாம். மதுரை, கோயமுத்தூர், நாகர்கோவில் என்று நாலா ஊர்க்காரர்களும் இருக்கிற இடம், அதனால் யாரையும் எதையும் ஞாபகப்படுத்தாத நிறமாக இருக்க வேண்டுமாம். அண்ணன் ஒவ்வொரு துணியாக எடுத்துப் போட்டார். சிவப்பு என்றால் சங்கம் என்பதால் கம்யூனிஸ்ட்டு என்பார்கள். பச்சைக்கும் காவிக்கும் அந்தத் தம்பியே வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். நீலம், மஞ்சள், கறுப்பு எல்லாவற்றுக்கும் இரண்டாவது மாடியிலோ ஏழாவது மாடியிலோ ஓர் ஆட்சேபணை இருந்தது.

"வெள்ளை?" என்றார் அண்ணன்.

"வெள்ளைக் கொடின்னா சமாதானம்னு ஆயிடும் சார். பில்டர் மேல கேஸ் நடந்துட்டிருக்கு. நாம எறங்கி வந்துட்டோம்னு நினைச்சுப்பாங்க."

கடைசியில் சாம்பல் நிறத்துக்கு எல்லோரும் சம்மதித்தார்கள். தைத்துக் கொடுத்தோம். விழாவுக்கு முதல் நாளே கட்டி வைத்திருந்தார்கள். அங்கே பெருக்கித் துடைக்கிற அம்மா, யாரோ தரை துடைக்கிற துணியைக் காயப் போட்டிருக்கிறார்கள் என்று அவிழ்த்து வாளியில் போட்டுவிட்டாள். ஸ்ரீநாத் தம்பி திரும்ப வந்து, "வேற கலர்..." என்று ஆரம்பித்தார். அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனவர், அந்தத் தம்பி எழுந்து போகிற வரைக்கும் வரவில்லை.

இப்படிக் கோபக்காரர்தான். ஆனால் சாமி விஷயத்தில் அவரைப் போல ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மெஷின் ஊசி உடைந்து தெறித்து அவருடைய வலது கண்ணில் பாய்ந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். டாக்டர், கண் நிற்கும், பார்வை வருமா என்று சொல்ல முடியாது என்றார். அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அவர் முருகனிடம் வேண்டிக்கொண்டார். "எனக்கு இந்த ஒரு கண்ணைக் குடு. உனக்குப் பன்னண்டு கண்ணு. கண்ணுக்கு ஒரு வருஷம், என் கையால சேவல் கொடி தைச்சு, நடந்து வந்து திருத்தணியில உனக்குக் காட்றேன்."

பார்வை முக்கால்வாசி வந்தது. அவரும் சொன்ன சொல் தவறவில்லை. முத்தாபுதுப்பேட்டையில் ஒரு சின்ன முருகன் கோயில். அங்கிருந்து பங்குனி உத்திரத்துக்குத் திருத்தணி போகிற பாதயாத்திரைக் குழுவில், முன்கொடி பிடிப்பது அவர்தான். மாசி பிறந்து மாலை போடுகிற அன்றைக்கு மஞ்சள் துணியையும் சிவப்புத் துணியையும் சாமி பாதத்தில் வைத்து எடுத்துக்கொள்வார். சிவப்பில் சேவலை வெட்டி, மஞ்சளில் வைத்துக் கையாலேயே தைப்பார். கொண்டைக்கு ஒரு நாள், வாலுக்கு இரண்டு நாள் என்று எட்டு நாள் வேலை. மெஷின் தொடமாட்டார். குழுவில் மற்றவர்கள் பிடிக்கிற சின்னக் கொடிகளைத்தான் நாங்கள் மெஷினில் தைப்போம்.

இந்த வருஷம் பன்னிரண்டாவது சேவல். இதோடு அவருடைய வேண்டுதல் முடிகிறது.

இந்த வருஷம் பார்த்துத் தேர்தலும் வந்து சேர்ந்தது. தேதி அறிவித்த நாளிலிருந்து ரோட்டுக்கு ரோடு வண்டியை நிறுத்திச் சோதனை. யாத்திரை புறப்படுவதற்கு முதல் நாள், காலைப் பதினோரு மணிக்கு, பெரிய கொடி ஒன்றையும் சின்னக் கொடி அறுபதையும் மூட்டையாகக் கட்டி, சந்து முனை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிற மோகனுடைய வண்டியில் ஏற்றிக்கொண்டு முத்தாபுதுப்பேட்டைக்குக் கிளம்பினோம். மூட்டையைக் கட்டியது நான்தான். சாமி கொடியில் அழுக்குப் படக்கூடாதே என்று, சுத்தமாக இருந்த ஒரு துணியை எடுத்துச் சுற்றினேன். அது ஒரு கட்சிக் கொடி. உறையின் வாயை மாற்றி மூடிவிட்டதால் வேண்டாம் என்று ஒதுக்கிப் போட்டது. எந்தக் கட்சி என்று எழுதப்போவதில்லை, எனக்கு எல்லோரும் வேண்டும். கடையில் இந்த மாதிரிக் கழிசலைத்தான் துடைக்க, சுற்ற, தலையணை உறை போட எல்லாவற்றுக்கும் எடுப்போம். அந்த நேரத்தில் அது கொடி என்றே எனக்குத் தோன்றவில்லை. முருகா, நான் என்ன செய்ய.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் கை காட்டி நிறுத்தினார்கள். ஒரு போலீஸ்காரர், கையில் கேமராவோடு நிர்மல் என்று ஒரு பையன், ஓர் அதிகாரி. சட்டையில் வீரராகவன் என்று பெயர் அட்டை. வேறு ஏதோ துறையில் மேஜை வேலை பார்க்கிறவரைத் தேர்தலுக்காக இழுத்து வந்து வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். பாவம், கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துத் தலையில் போட்டிருந்தார்.

"மூட்டையில என்ன?"

"கொடி சார்" என்றான் மோகன். கோயில் கொடி என்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"எந்தக் கட்சி?"

"கட்சி இல்ல சார், முருகன்" என்றார் அண்ணன்.

அதிகாரி கையிலிருந்த வேட்பாளர் பட்டியலைப் புரட்டினார். "முருகன்... ரெண்டு முருகன் இருக்காங்களே. சுயேச்சைதானே? எந்தத் தொகுதி?"

அண்ணன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மோகன் முந்திக்கொண்டான். "ஆறு தொகுதி சார். ஆறுலயும் அவருதான் ஜெயிச்சுகினு கீறாரு. இதுவரைக்கும் ஒருத்தனும் எதிர்த்து நிக்கல."

பின்னால் பைக்கில் நின்றிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கேமராப் பையன்கூடச் சிரித்தான். அதிகாரிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது.

"கிண்டலா? எல்லாரும் எறங்குங்க. மூட்டையைப் பிரி."

பிரித்தார்கள். முருகன் கொடி கண்ணில் படுவதற்கு முன்னால் நான் சுற்றிய துணிதான் கண்ணில் பட்டது. அவர் அதை விரித்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

"இது முருகன் கொடியா?"

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவரிடம், "சார், அது கொடியே இல்ல. தலைகீழாப் போன கழிசலு" என்றார்.

அதிகாரி துணியைத் திருப்பிப் பிடித்தார். "இப்படிப் புடிச்சா நேராத்தானே இருக்கு?"

"அப்படிப் புடிச்சா கழி எங்க சார் ஏறும்? உறையைப் பாருங்க. மேல தொறந்துகினு கீது, கீழ மூடிகினு கீது. கழி ஏறாது, மழை பேஞ்சா தண்ணிதான் ரொம்பும். இதைக் கொடின்னு ஒத்துக்கினா நான் கடையை மூடிட்டுப் போவணும்."

"கலர் சரியா இருக்கா இல்லையா?"

"கலரு சரி சார். தலைதான்..."

"கலர் சரின்னு அவரே ஒத்துக்கிறார், பதிவு பண்ணிக்க" என்றார் கேமராப் பையனிடம்.

அந்தப் பையன் கேமராவோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். போனை எடுத்து ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, "சார், சேவல் சின்னம் ஒரு கட்சிக்கு இருக்கு சார்" என்றான். "நாகாலாந்துப் பக்கம்."

"ஏம்பா" என்றார் அண்ணன். "நாகாலாந்துலேர்ந்து ஆவடிக்கு ஓட்டு கேட்டா வராங்க?"

"அதெல்லாம் ஆபீஸ்ல வந்து சொல்லுங்க" என்றார் அதிகாரி. மூட்டையை அவர்களுடைய ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். ஆட்டோ பின்னாலேயே போனது. வழி முழுக்க அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மோகனிடம் மட்டும் ஒன்று சொன்னார்: "ஆறு தொகுதியாம், ஆறு தொகுதி. உன் வாயில சூடு வெக்க."

"நைனா, நான் இன்னா பொய்யா சொன்னேன்?" என்றான் அவன்.

அலுவலக வராந்தாவில் ஒரு பெஞ்ச் போட்டிருந்தது. அதில் இரண்டு மணிநேரம் உட்கார்ந்தோம். கோயில் தரப்பிலிருந்து கடிதம் வந்தால் பார்க்கலாம் என்றார்கள். யாத்திரைக்குக் குருசாமியான சுப்பராயன் ஐயாவுக்குப் போன் போட்டோம். ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அந்தக் கோயிலுக்கு அவர்தான் எல்லாம். வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு, கோயில் பெயர் அச்சடித்த காகிதத்தில் கடிதம் எழுதி முத்திரை வைத்துக் கொண்டுவந்தார்.

வீரராகவன் சார் கடிதத்தைப் படித்தார். பிறகு கடிதத்தின் தலைப்பைப் பார்த்தார். பிறகு கொடியைப் பார்த்தார்.

"இதுல மயில் இருக்கு. கொடியில சேவல் இருக்கு."

அண்ணன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "சார், மயிலு வண்டி சார். சேவலு கொடி."

"ரெண்டும் வேற வேற சின்னம்தானே?"

"ரெண்டும் ஒரே ஆளு சார்! சூரபத்மன் மாமரமா நின்னுகினு இருந்தான். வேலு ரெண்டாப் பொளந்துச்சு. ஒரு பாதி மயிலாச்சு, ஒரு பாதி சேவலாச்சு. மயிலு மேல ஏறிகினாரு. சேவலைக் கொடியில வெச்சிகினாரு."

"அப்போ இது எதிரியோட படமா?"

"ஆமா சார்."

"எதிரியோட படத்தை யாராவது தன் கொடியில வெச்சுக்குவாங்களா?"

"அதான் சார் அவரு சாமி" என்றார் அண்ணன்.

சுப்பராயன் ஐயா நிதானமாக முன்னால் வந்தார். "ஐயா, உங்க பேரு வீரராகவன். திருவள்ளூர் கோயில் பெருமாள் பேரு. அங்க கொடியேத்தத்துக்குத் துணியில கருடன் வரைஞ்சிருப்பாவ, பாத்திருப்பிய. அதை ஏதோ பருந்துக் கட்சின்னு புடிச்சு வைப்பியளா?"

வீரராகவன் சார் கொடியைத் தன் பக்கம் இழுத்தார். அண்ணன் தைத்த வாலின் சின்னச் சின்னத் தையலை விரலால் தடவினார். "கையால தைச்சதா?" என்று கேட்டார். "எங்க அம்மா அந்தக் கோயில்ல வேண்டிக்கிட்டுத்தான் எனக்கு இந்தப் பேரு வெச்சாங்க" என்றும் சொன்னார். எல்லாம் முடிந்தது, முருகன் வழி விட்டுவிட்டான் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"கொடிகளைக் குடுத்துடறேன்" என்றார். "பெரிய சார் ஆறு மணிக்கு வந்து கையெழுத்துப் போடுவார். ஆனா வீடியோ எடுத்தாச்சு, எண்ணிக்கை மேல போயிடுச்சு. வகைக்கு ஒண்ணு மாதிரிக்கு வெச்சுக்கணும். தேர்தல் முடிஞ்சதும் வந்து வாங்கிக்கோங்க."

வகைக்கு ஒன்று. கழிசல் துணி ஒரு வகை, சின்னக் கொடி ஒரு வகை, பெரிய கொடி ஒரு வகை. சின்னக் கொடி அறுபது இருக்கிறது. பெரிய கொடி ஒன்றுதான்.

அண்ணன் எழுந்து நின்றார். கெஞ்சினார். அறுபதையும் வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஒன்றை மட்டும் கொடுங்கள் என்றார். கண்ணில் ஊசி பாய்ந்த கதையைச் சொன்னார். அந்த மனிதர் கேட்டுக்கொண்டார், முகத்தில் இரக்கமும் இருந்தது. ஆனால் படிவத்தில் மூன்று வரி எழுதியாகிவிட்டது, மூன்று வரிக்கும் பொருள் வேண்டும், இல்லாவிட்டால் அவர் வேலைக்கு ஆபத்து. பெரிய கொடியை மடித்து, தரையில் போடாமல் பீரோவின் மேல் தட்டில் வைத்தார். அந்த மட்டுக்கும் மரியாதை தெரிந்தவர். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. முரடனாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டாவது வந்திருக்கலாம்.

"ஒரு சின்னக் கொடியை முன்னால பிடிச்சிட்டு வாரும்யா" என்றார் சுப்பராயன் ஐயா. "முருகன் கோவிச்சுக்க மாட்டான்."

"அது மெஷின்ல ஓட்டுனது ஐயா. என் கையால தைக்கிறேன்னு சொன்னேன். பதினோரு கண்ணுக்குக் குடுத்துட்டு, ஒரு கண்ணை மட்டும் ஏமாத்தச் சொல்றீங்களா?"

"அண்ணே, கடைக்குப் போய்ப் புதுத் துணி எடுத்து..." என்று நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

அப்போதுதான் அவர் என்னிடம் பேசினார். "மாலை போட்ட அன்னிக்குப் பாதத்துல வெக்காத துணியில சேவலைத் தைச்சா, அது சிக்கன் கடை போர்டு நாகம்மா. நீ செஞ்சது போதும், கம்முனு இரு."

விடிந்தால் ஐந்து மணிக்கு யாத்திரை புறப்பட வேண்டும். முன்கொடி இல்லாமல் குழு படி இறங்காது. வேறு யாராவது ஒரு கொடியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். ஆனால் அவர் பதினோரு வருஷம் நடந்தது, பாதியில் விட்ட வேண்டுதலாக நின்றுவிடும். அவர் பெஞ்சில் உட்கார்ந்து வலது கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தார்.

சுப்பராயன் ஐயா தம் தோளில் கிடந்த காவித் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அண்ணன் அதைப் பார்த்தார்.

"ஐயா, இந்தத் துண்டு மாலை போட்ட அன்னிக்குப் பாதத்துல வெச்சு எடுத்ததுதானே?"

"பின்னே? எல்லாத் துண்டும் அப்படித்தான். உம்ம துண்டும்தான்."

அண்ணன் ஐயாவின் துண்டை வாங்கி மடியில் விரித்து, தம் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து அதன் மேல் வைத்தார். விரதக்காரர்களுக்குக் கொடுக்கிற பச்சைத் துண்டு.

"பச்சைச் சேவலா?" என்றார் ஐயா, மெல்ல.

"குருசாமி துண்டை வெட்டலாமா? வேற இன்னா பண்ணச் சொல்றீங்க? ஊருக்கெல்லாம் மேல எது கீழ எதுன்னு கலரு சொல்லிக் குடுத்தவன் நானு. என் கொடிக்கு எனக்கு இதான் வாய்ச்சுது."

என் சுருக்குப் பையில் காகிதத்தில் சுற்றிய ஊசியும் நூலும் எப்போதும் இருக்கும். கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். கத்தரிக்கோல்தான் இல்லை. வீரராகவன் சாரே உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து வந்து நீட்டினார். பார்சல் கட்டு வெட்டுகிற கத்தரிக்கோல், அரக்கு ஒட்டி மழுங்கிப் போயிருந்தது. அதை வைத்துக்கொண்டு அண்ணன் சேவலை வெட்டினார். கொண்டையின் பல் ஒவ்வொன்றும் நசுங்கி வட்டமாக வந்தது. அலகு நேராக வராமல் கீழ்நோக்கி வளைந்தது. துண்டு போதாமல் வாலின் மூன்று இறகு மட்டும் தேறி, அதுவும் நீளமாகக் கீழே தொங்கியது. "த்சு, த்சு" என்று ஒவ்வொரு வெட்டுக்கும் அலுத்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு ஆரம்பித்தவர் ஆறு மணி வரைக்கும் தலை நிமிரவில்லை. நான் ஓரம் மடித்துத் தரட்டுமா என்று கேட்டேன். தொடாதே என்று கையை மட்டும் காட்டினார். மேகம் போட்டு வெளிச்சம் குறைந்தபோது துணியை மூக்குக்கு நேராகத் தூக்கி வைத்துக்கொண்டு தைத்தார். அலுவலகத்துக்கு வந்து போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். வீரராகவன் சார் வெளியே வந்து வராந்தா விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே போனார். கடைசியாக உறையைத் தைத்து, மேல் வாயை மூடி, கீழ் வாயைத் திறந்து விட்டு, பல்லால் நூலைக் கடித்தார்.

டீ வாங்கி வந்த மோகன் கொடியைப் பார்த்தான். காவியில் பச்சை, வெள்ளை நூல் தையல்.

"நைனா, எல்லாக் கட்சியும் கூட்டணி வெச்ச மாதிரி கீது."

"பேசாத. பேசாத நீ."

மறுநாள் காலை ஐந்து மணிக்கு, மேளம் முழங்க, அந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டு அண்ணன் முதல் அடி வைத்தார். அரோகரா சத்தத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கொடி நன்றாகத்தான் பறந்தது. இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. விடிந்த பிறகுதான் கஷ்டம் ஆரம்பித்தது.

பட்டாபிராமில் ஒரு டீக்கடைக்காரர் கும்பிட்டுவிட்டு, "இன்னா அண்ணாத்தே, இந்த வருசம் கிளி போட்டுகினு வந்துகீறீங்க?" என்றார்.

"கிளி இல்லய்யா, சேவலு."

"பச்சையா கீதே?"

"பச்சையா இருந்தா கிளியா? என் பேரு பச்சையப்பன், நான் இன்னா கிளியா?"

திருநின்றவூரில் ஒரு பாட்டு கோஷ்டிக்காரர்கள் மீனாட்சி யாத்திரையா என்றார்கள். பக்கத்தில் நின்ற நாமக்காரர் இல்லை, ஆண்டாள் கிளி என்று அவர்களோடு வாதம் செய்தார். செவ்வாப்பேட்டையில் ஒரு ஜோசியக்காரர், கிளியைக் கொடியில் போட்டிருக்கிறார்களே, நமக்கும் சங்கம் வந்துவிட்டதா என்று சந்தோஷமாகக் கேட்டார். திருவள்ளூர் தாண்டும்போது எங்கள் குழுவிலேயே வயசான ஓர் அம்மா, "கிளிக்குக் கொண்டை இருக்குமா தம்பி?" என்று கேட்டாள். அண்ணன் ரோட்டோரத்தில் நின்று, மூச்சு வாங்கி, ஆரம்பத்திலிருந்து சூரபத்மன் கதையைச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "அப்போ கிளி எந்தப் பாதியிலேர்ந்து வந்துச்சு?" என்றாள்.

அதற்கு மேல் அவர் யாருக்கும் கதை சொல்ல நிற்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கொடியை இன்னும் உயரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். இரண்டு நாள். உள்ளங்காலில் கொப்புளம்.

உத்திரத்தன்று திருத்தணிப் படி ஏறி, வரிசையில் நின்று, சந்நிதிக்கு முன்னால் வந்தோம். நிற்க விடுகிற நேரம் ஒரு நொடிதான். அண்ணன் கழியிலிருந்து கொடியை உருவி, இரண்டு கையாலும் விரித்து, தலைப் பக்கம் மேலே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, சாமிக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். பக்கத்திலிருந்ததால் அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"நல்லாப் பாத்துக்கோ. சேவலு. நாப்பது மைல் தூரமும் எவனுக்கும் தெரியல. உனக்குப் பன்னண்டு கீது, நீயாவது சரியாப் பாரு. கணக்கு தீந்துச்சு."

சொல்லிவிட்டு, ஒரு சின்னப் பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதார். வலது கண்ணிலிருந்தும் நன்றாகவே தண்ணீர் வந்தது.

பின்னால் கூட்டம் நெருக்கியது. வரிசையை ஒழுங்கு செய்கிறவர் கையை வீசிக் கத்தினார்: "நகருங்க, நகருங்க. அந்தக் கிளிக் கொடிக்காரர் நகருங்க!"

அண்ணன் மெதுவாகத் திரும்பினார். அந்த முகத்தைப் பார்த்து நான் அவசரமாகக் கண்ணை மூடிக்கொண்டு, "முருகா, சந்நிதியில சண்டை வேணாம்" என்று கும்பிட்டேன்.